போடலாமா, வேண்டாமா? வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் பிறந்து தைப்பொங்கல் முடியும் வரைக்கும் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: சொந்தக்காரர்கள் எதை எதை ஊருக்குச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு (முடி கொட்டுகிறது என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்) இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் இல்லை. இந்த விஷயத்தில் பெயரைப் போட்டால் அடுத்த கடிதம் என்னைப் பற்றித்தான் வரும்.

அக்கா, என் கொழுந்தனார் குடும்பம் கனடாவில். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இங்கிலீஷில் இரண்டு பக்கக் கடிதம் டைப் பண்ணி, படங்களும் வைத்து, சொந்தக்காரர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மகன் பியானோ பரீட்சை பாஸ், மகள் ஹொக்கி டீமில், புது வீட்டுக் குசினி, மெக்ஸிகோ பயணம். மாமியார் அதை என்னிடம் தந்து தமிழில் சொல்லச் சொல்வார், அதுவும் வருகிற ஆள் ஒவ்வொருவருக்கும். இங்கே நாங்கள் கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறோம். எனக்கு வருவது பொறாமையா, நியாயமான எரிச்சலா? – ஹட்டன் வாசகி

இரண்டும்தான் தங்கச்சி, கொஞ்சம் அது, கொஞ்சம் இது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொழுந்தனார் தானாகக் கண்டுபிடித்த வேலை இல்லை அது. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்துப் பக்கம் பல வருஷமாக உள்ள வழக்கம். கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையை அச்சடித்து விற்பது 1843இல் லண்டனில் ஆரம்பித்தது, அந்த அட்டைக்குள் வீட்டுச் செய்தியை ஒரு தாளில் எழுதி மடித்து வைப்பது பின்னால் வந்த பழக்கம். 1959இல் செரொக்ஸ் கொம்பனி சாதாரணத் தாளிலேயே பிரதி எடுக்கிற மெஷினைக் கொண்டுவந்து, அப்புறம் அது ஒபீஸுக்கு ஒபீஸ் பரவியதும், ஒரே கடிதத்தை ஐம்பது வீட்டுக்கு அனுப்புவது பெரிய வேலையாக இல்லாமல் போனது. அந்த ஊர்க்காரர்களே இதை டிசம்பர் தோறும் கிண்டல் பண்ணுகிறார்கள், ஏனென்றால் இந்தக் கடிதங்களில் எல்லாப் பிள்ளையும் கெட்டிக்காரப் பிள்ளை, எல்லாப் பயணமும் நல்ல பயணம், கடனும் மூலவியாதியும் புருஷன் பெண்சாதி சண்டையும் மட்டும் எந்த வருஷமும் நடக்கவே நடக்காது.

ஆனாலும் நான் இந்தக் கடிதத்தின் பக்கம்தான் நிற்பேன். வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறது, யாருக்குப் போகிறது என்று எழுதியவருக்குத் தெரியும், எழுதினவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். தினமும் காலையில் தோசையைப் போட்டோ பிடித்துப் போடுகிறவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் எவ்வளவோ மேல்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று இருந்ததே. 1964 ஒக்டோபரில் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இந்திய வம்சாவளியினர் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவான பிறகு, அண்ணன் இங்கே தம்பி அங்கே என்று எத்தனை வீடு இரண்டாகப் போனது. தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறினவர்கள் எழுதின கடிதம் தோட்டத்து ஒபீஸுக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்கு வரும். என் அப்பாயிக்கு எழுத்து தெரியாது. பக்கத்துக் காம்பராவில் படித்த பையன் ஒருவன் குப்பி லாம்பு வெளிச்சத்தில் சத்தமாக வாசிப்பான், சுற்றி அந்த லயமே, அதாவது அந்த வரிசை வீடுகளில் உள்ள எல்லோருமே, உட்கார்ந்திருக்கும். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, யார் செத்தது, யாருக்குக் கல்யாணம், எந்த மாடு கன்று போட்டது, கூலி எவ்வளவு என்று எல்லாம் அந்த ஒரு தாளில் வரும், தாள் முடிந்ததும் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கும். அதிலும் கொஞ்சம் பெருமை இருந்தது. "இங்கே சொந்தமாக வீடு" என்று எழுதினவர், அந்த வீட்டுக்குக் கூரை வந்துவிட்டதா என்பதை எழுதமாட்டார்.

சரி, உங்கள் விஷயம். அந்தக் கடிதம் மாமியாருக்கு எழுதப்பட்டது இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்பது மகனுக்குத் தெரியாதா? சினேகிதர்களுக்கு எழுதியதை அம்மாவுக்கும் தட்டிவிடுகிறார், மொழிபெயர்க்கிற வேலை சம்பளமில்லாமல் உங்கள் தலையில் விழுகிறது. எரிச்சலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொழுந்தனாருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "அம்மாவுக்கு உங்கள் குரலில் தமிழில் ஒரு பத்து நிமிஷம் பேசி வொய்ஸ் அனுப்புங்கள், அவங்க திரும்பத் திரும்பக் கேட்பாங்க." கேட்பார். நீங்கள் அந்த நேரத்தில் தேங்காய் துருவலாம்.

எனக்கு வயது 14. போன லீவில் என் சடங்கு நடந்தது. அம்மா எல்லாப் படத்தையும் பேஸ்புக்கில் போட்டுவிட்டார். சித்தப்பா அதை எடுத்துப் பாட்டு வைத்து டிக்டொக்கிலும் போட்டார். இப்போது வகுப்பில் பையன்கள் அந்த வீடியோவைக் காட்டிச் சிரிக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னால், "ஊரே வந்து சாப்பிட்டுப் போச்சு, இதில என்ன ரகசியம்?" என்கிறார். – பண்டாரவளைப் பக்கம், மாணவி

மகள், நீ கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இந்தப் பக்கத்தை அம்மா கையில் கொடு. மிச்சம் அவருக்கு.

அம்மா, உங்கள் சந்தோஷம் எனக்கு விளங்குகிறது. அடகு வைத்து, சீட்டுப் பிடித்து, பந்தல் போட்டு, தாய்மாமன் சீர்த்தட்டோடு ஏறி வந்து, ஒரே பிள்ளையைப் பட்டுச்சேலையில் உட்கார வைத்துப் பார்த்த நாள். அதைப் பத்துப் பேருக்குக் காட்டாமல் எப்படி இருப்பது? ஆனால் ஊரே வந்தது என்கிறீர்களே, அந்த ஊரை நீங்கள் வாசல் வாசலாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தீர்கள். வந்த ஒவ்வொரு முகமும் உங்களுக்குத் தெரியும், யாரை முன்வரிசையில் உட்கார வைப்பது, யாரைக் கூப்பிடவே கூடாது என்று வீட்டில் நாலு நாள் பேசித்தான் முடிவு பண்ணியிருப்பீர்கள். பேஸ்புக்கில் அந்தப் படத்துக்கு மேலே, தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூமி உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அழைக்கவே கூடாது என்று நீங்கள் முடிவு பண்ணின ஆட்களும், நீங்கள் கேள்விப்படாத ஊரில் இருக்கிற ஆம்பிளைகளும் அந்தப் படத்தைப் பார்க்கலாம், தங்கள் போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

இன்னொன்று. சமையல், சேலை, புதுச் செருப்பு எல்லாம் உங்கள் விஷயம், எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். பிள்ளையின் உடம்பில் நடந்தது பிள்ளையின் விஷயம். சடங்கை நடத்தினது நீங்கள் என்றாலும், அதைப் பற்றி வகுப்பில் பதில் சொல்ல வேண்டியிருப்பது அவள்தான், நீங்கள் இல்லை.

முதலில் சித்தப்பாவிடம் சொல்லி டிக்டொக்கை எடுக்கச் சொல்லுங்கள், "பார்க்கலாம்" என்று சொன்னால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுக்க வையுங்கள். பேஸ்புக்கில் உள்ளதை நீங்கள் எடுத்துவிடுங்கள். மனசு கேட்கவில்லையென்றால் குடும்பத்தோடு நிற்கிற ஒரு படத்தைச் சினேகிதர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வையுங்கள், அதையும் அவளே தெரிவு செய்யட்டும். மற்றதை அச்சடித்து அல்பம் பண்ணுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அல்பத்தைக் காட்டி, டீயும் கொடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்வதில் உள்ள சுகம் லைக்கில் வராது. பையன்கள் வீடியோவை இன்னும் பரப்பினால் வகுப்பாசிரியரிடம் போங்கள். முகம் தெரியாத யாராவது பிள்ளைக்கு மெசேஜ் போட ஆரம்பித்தால் யோசிக்காமல் 1929க்கு அழையுங்கள், சிறுவர்களுக்கென்றே உள்ள இலக்கம்.

மகன் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் அனுமதி அட்டையைக் கையில் பிடித்துப் படமெடுத்து, "ஆசீர்வதியுங்கள்" என்று ஸ்டேட்டஸ் போட்டான். பெறுபேறு வந்த அன்று, நாங்கள் பார்ப்பதற்கு முன்னமே என் தங்கச்சி மாப்பிள்ளை குடும்பக் குரூப்பில் "மெத்ஸ் போச்சு" என்று போட்டுவிட்டார். எப்படி அவருக்குத் தெரிந்தது? – பதுளை

உங்கள் மகனே சொல்லிக் கொடுத்தது. அந்த அட்டையில் சுட்டெண் இருக்கிறது. பெறுபேறு வந்ததும் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அந்தச் சுட்டெண்ணை அடிக்கிற யாருக்கும் ஒன்பது பாடமும் வரிசையாக வந்து நிற்கும், அடிக்கிறவர் தகப்பனா, சித்தப்பனா, பக்கத்துக் கடைக்காரரா என்று அது கேட்பதில்லை. மாப்பிள்ளை மாசக்கணக்கில் அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் பாருங்கள், அந்தப் பொறுமையை வேறு எதிலாவது காட்டியிருக்கலாம்.

அடையாள அட்டை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக எடுத்ததும் பிள்ளைகள் அதையும் போடுகிறார்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்கத்தில் வருஷம் முழுசாக நாலு இலக்கத்தில் வரும், மற்றது அதே கணக்கு. வயசைக் குறைத்துச் சொல்கிறவர்கள் அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

மாப்பிள்ளைக்கு வருவோம். குரூப்பில் பதில் போடாதீர்கள். தனியாகக் கோல் எடுத்து, "அவன் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லிட்டீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். மகனைத் திட்ட வேண்டாம். கணிதத்துக்கு W (சித்தியில்லை) வந்தால் திரும்பவும் எழுதலாம்.

நான் குவைத்தில் வேலை செய்கிறேன். நான் அனுப்புகிற காசில் வாங்குகிற பிரிட்ஜ், டிவி, சோபா எல்லாவற்றையும் என் கணவர் அன்றைக்கே பேஸ்புக்கில் போட்டு என்னை டெக் பண்ணுகிறார். உடனே சொந்தக்காரர்கள் எனக்கு மெசேஜ் போட்டுக் கடன் கேட்கிறார்கள். – சொந்த ஊர் தலவாக்கலை

பிரிட்ஜ் படத்தைப் போடட்டும், கூடவே தவணைக் கட்டண ரசீதையும் போடச் சொல்லுங்கள். கடன் கேட்பது அன்றோடு நிற்கும்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் பாதி உண்மை. சாமான் படத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு, நீங்கள் அங்கே விடிய நாலு மணிக்கு எழும்புவது தெரியாது. கணவரிடம், "வாங்கினதைப் போடு, என் பெயரைப் போடாதே" என்று சொல்லிப் பாருங்கள். அவர் காட்ட நினைப்பது உங்களைப் பற்றிய பெருமை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கோபிக்கமாட்டார்.

தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். வருஷ ஆரம்பத்தில் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து பிள்ளைகளுக்குக் கொப்பியும் பேக்கும் தருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் பேனருக்கு முன்னால் நின்று படம் எடுக்க வேண்டும். போன முறை ஒரு பிள்ளை பேக்கைத் தூக்கி முகத்தை மறைத்தது, கெமராக்காரர் "பேக்கைக் கீழே இறக்கு, சிரி" என்றார். இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த வருஷம் வரமாட்டார்களே. – மஸ்கெலியா

அந்தப் பிள்ளை உங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சொல்லியிருக்கிறது, டீச்சர்.

கொடுக்கிறவர் தன் முகத்தை எத்தனை படத்தில் வேண்டுமானாலும் போடலாம், அது அவர் முகம். வாங்குகிற பிள்ளையின் முகத்தைப் போட அந்தப் பேக்கின் விலை போதாது. ஐந்தாம் வகுப்பில் எடுத்த படம் அந்தப் பிள்ளை கெம்பஸ் போகிற காலத்திலும் அங்கேயே கிடக்கும், கொப்பி மட்டும் முதலாம் தவணையோடு முடிந்துவிடும். உதவி வாங்கினது கேவலம் என்று நான் சொல்லவில்லை, வாங்கினதை யாரிடம் சொல்வது என்பதை வாங்கினவர் முடிவு பண்ண வேண்டும், அவ்வளவுதான்.

அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. காசு தந்த பத்துப் பேருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், "கொடுத்தேன்" என்று வாயால் சொன்னால் நம்புகிற காலம் இல்லை. அதற்கு வழி இருக்கிறது: வேனிலிருந்து இறக்கி அடுக்கின கொப்பிக் கட்டுகளின் படம், கடை பில், எத்தனை பிள்ளைக்கு எத்தனை என்று எழுதி அதிபர் கையெழுத்து வைத்த தாள். பிள்ளைகள் வேண்டுமென்றால் பின்னாலிருந்து, வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிற மாதிரி எடுக்கலாம். வந்து இறங்கினதற்குப் பிறகு இதைச் சொன்னால் சண்டை மாதிரி இருக்கும். திகதி கேட்டு முதல் கோல் வரும்போதே அதிபர் சொல்லிவிட வேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி, "எங்கள் பாடசாலையில் இதுதான் வழக்கம்" என்று.

அதற்குப் பிறகும் சிலர் வராமல் விடுவார்கள். அதை மறைக்கமாட்டேன். எத்தனை பேர் வராமல் விட்டால் தாங்கும் என்பதை அதிபரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள், தூரத்தில் இருந்து நான் சொல்கிற விஷயம் இல்லை அது.

சிவனொளிபாத மலை ஏறும்போது வழி முழுக்க லைவ் போட்டேன். பெரியம்மா "சாமி மலைக்குப் போய் சினிமா காட்டுறியா" என்று திட்டுகிறார். – புசல்லாவை

போடுங்கள். முழங்கால் தேய்ந்து ஏற முடியாமல் போன எத்தனையோ பெரியம்மாக்கள் அதைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார்கள். படிக்கட்டு ஓரத்திலும் மடத்திலும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வாய் திறந்து தூங்குகிறவர்கள் பக்கம் மட்டும் போனைத் திருப்ப வேண்டாம். பெரியம்மாவுக்கு விடியற்காலை உதயத்தைத் தனியாக அனுப்பிவிடுங்கள், சமாதானமாகிவிடுவார்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம், பூ, சாமி, யாரோ ஒருவரின் பிள்ளை வாங்கின மார்க். தாங்க முடியாமல் வெளியேறினேன். இப்போது மாமா பேசுவதில்லை. – நாவலப்பிட்டி

குரூப்பை விட்டு வெளியேறுவது கல்யாணப் பந்தியிலிருந்து பாதியில் எழும்புகிற மாதிரி, சாப்பாடு பிடிக்காவிட்டாலும் எழும்பக் கூடாது. 2022க்குப் பிறகு வெளியேறினால் எல்லோருக்கும் அறிவிப்புப் போகாது, அட்மினுக்கு மட்டும்தான் போகும். ஆனால் அறுபது நாளைக்கு யார் யார் விலகினார்கள் என்று தேடிப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம், எல்லாக் குடும்பத்திலும் அப்படித் தேடுகிற ஒருவர் இருக்கிறார். உங்கள் வீட்டில் அது மாமா. திரும்பச் சேர்ந்து, சத்தத்தை நிரந்தரமாக நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாமல் ஆர்கைவில் தள்ளிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் எட்டிப் பார்த்து நாலு பேருக்கு வாழ்த்துச் சொன்னால் போதும். மாமாவை நேரில் போய்ப் பாருங்கள், பிஸ்கட் பெட்டியோடு.

கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து போனைத் திறந்தால், மச்சான் ஒருவர் அப்பா கட்டிலில் கிடக்கிற படத்தோடு "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று போட்டிருந்தார். அம்மா எனக்குக் கோல் எடுத்தது அதற்குப் பிறகுதான். எட்டு மாதமாகியும் அந்த மச்சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. – பசறை

தம்பி, இதற்கு என்ன சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கும்.

தோட்டத்தில் கேதம் சொல்லப் போகிறவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. தூரத்தில் உள்ள பிள்ளைகளுக்கு முதலில் ஆள் போகும் அல்லது தந்தி போகும், அப்புறம் மாமன் மச்சான், அப்புறம் சம்பந்தக்காரர். தப்பு மேளச் சத்தம் கேட்டு மலையில் நிற்கிறவர்கள் கொழுந்துக் கூடையை இறக்கும்போது வீட்டு ஆட்களுக்குச் செய்தி தெரிந்திருக்கும். யார் முதலில் அழ வேண்டும் என்பதை அந்த ஒழுங்கு பார்த்துக்கொண்டது. இப்போது முதலில் போடுகிறவர் யாரோ அவர் முந்திக்கொள்கிறார், அநேகமாக ஆஸ்பத்திரி வாசலில் சும்மா நின்றவர்தான் அது, வேலையாக ஓடினவர்களுக்குப் போனைப் பார்க்க நேரம் இருந்திருக்காது.

மச்சான் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் உங்களுக்கு அவர் எண்ணம் முக்கியமில்லை. அந்தப் படம் இன்னும் இருக்கிறது என்றால் எடுக்கச் சொல்லுங்கள், நேரில் முடியாவிட்டால் அம்மா மூலம். மூக்கில் குழாயோடு கிடக்கிற படத்தை அப்பாவே இருந்திருந்தால் போட விட்டிருப்பாரா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். வருஷத் திதிக்கு நீங்களே நல்ல சட்டை போட்ட படம் ஒன்றைத் தேடிப் போடுங்கள். மச்சானோடு பேசுவது பிறகு பார்க்கலாம், அவசரம் இல்லை.

மற்றவர்களுக்கு: சொந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் கோல் போய்விட்டதா என்று கேட்டு, "போயிட்டு" என்று பதில் வந்த பிறகு போடுங்கள். அரை நாள் தாமதமானால் செத்தவர் கோபிக்கமாட்டார்.

எங்கள் லயத்துக் கூரை ஒழுகுகிறது. மழைக்கு இரவெல்லாம் சட்டி வைத்துப் பிடிக்கிறோம். அதை வீடியோ எடுத்துப் போட்டேன், ஆயிரக்கணக்கான பேர் பகிர்ந்தார்கள். அப்பா, "நம்ம வீட்டு மானத்தை ஏலம் போட்டுட்டே" என்று பேசாமல் இருக்கிறார். நான் செய்தது தப்பா? நாங்கள் போடாவிட்டால் மலையகத்தில் நடப்பது யாருக்குத் தெரியும்? – பொகவந்தலாவை இளைஞர்

தப்பில்லை. இந்தக் கட்டுக்குள் என்னை அதிகம் யோசிக்க வைத்த கடிதம் உங்களுடையதுதான்.

வீட்டுச் செய்தியைக் கொண்டுபோய் ஊரில் போடாதே என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, இங்கே போடு என்கிறேனே என்று கேட்பீர்கள். கூரை உங்கள் வீட்டுச் செய்தி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் கட்டின காம்பராவில் நாலாவது தலைமுறையும் குடியிருக்கிறது, அந்த நிலமும் சுவரும் உங்கள் அப்பாவின் பெயரில் இல்லை. ஒழுகுவதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். 2018 ஒக்டோபரில் தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் வந்து கூடின பிள்ளைகள் பேஸ்புக்கில்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் 'வீட்டு விஷயம், வெளியில் சொல்லக்கூடாது' என்று இருந்திருந்தால் அந்தக் கூட்டமே இல்லை.

ஆனால் நீங்கள் அனுப்பின வீடியோவை நான் இரண்டு தரம் பார்த்தேன். கூரையும் சட்டியும் வருவது கொஞ்ச நேரம்தான். அப்புறம் போன் மெதுவாகக் கீழே இறங்குகிறது: கொடியில் தொங்குகிற உள்பாவாடை, சுவரோரம் சாக்கு விரித்துச் சுருண்டு படுத்திருக்கிற அப்பா, திடுக்கிட்டு எழும்பிக் கையை மறைக்கிற தங்கச்சி. கொமெண்டில் "பாவம்" என்று எழுதினவர்களில் முக்கால்வாசிப் பேர் கூரையைப் பற்றிப் பேசவில்லை, உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆயுள் முழுக்க மலையில் நின்று உழைத்த மனுஷனுக்கு அந்த "பாவம்" எப்படி இருக்கும் என்று பாருங்கள். அவர் மானம் என்று சொன்னது அதைத்தான் என்று நினைக்கிறேன், கூரையை இல்லை.

அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஓட்டை எந்த லயத்தில், எத்தனை காம்பராவில், எப்போது தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கவில்லையென்றால் இன்றைக்கே எழுதி ஒரு பிரதியில் சீல் வாங்கி வையுங்கள், பகிர்ந்த அந்த ஆயிரம் பேரைவிட அந்தத் தாள் பிறகு உதவும். முடிந்தால் அப்பாவையே பேச வையுங்கள், உட்கார்ந்து, சட்டை போட்டு, தன் வாயால். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் வற்புறுத்தாமல் கூரையை மட்டும் காட்டுங்கள்.

என் நாத்தனார் அடிக்கடி "சிலரை நம்பி ஏமாந்தேன்", "முகத்துக்கு முன் ஒன்று, முதுகுக்குப் பின் ஒன்று" என்று ஸ்டேட்டஸ் போடுகிறார். பெயர் இல்லை. அது நானா? – கம்பளை

நீங்களாக இருக்கலாம், மீன்காரராகவும் இருக்கலாம். ஸ்டேட்டஸ் இருபத்து நாலு மணித்தியாலத்தில் போய்விடும், நீங்கள் அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்காமல் இருக்கிறீர்கள். கோல் எடுத்து, "என்ன நாத்தனார், யாரோடு கோபம்?" என்று கேளுங்கள். மெசேஜில் கேட்க வேண்டாம், அதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுவார்.